வளைவில் நிற்கும் நொச்சி

நடுவிரலை மடக்கி, அதன் கணுவால் வாய்க்கால் கரையை மூன்று முறை தட்டினாள் கயல்விழி. பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காது கொடுத்தாள். மண் என்ன பதில் சொன்னதோ, "இங்க வாணாம், ரெண்டடி தள்ளி வெட்டுங்க" என்றாள். மண்வெட்டியோடு நின்ற நான்கு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனார்கள்.

"வூட்டுல புருசன் மண்டையயும் இப்படித்தான் தட்டிப் பாப்பியாடி?" என்று கேட்டாள் பாஞ்சாலை. அறுபதைத் தாண்டியவள். வாய்க்கால் வேலைக்கு வரும் நாற்பது பேரில் மண்வெட்டியும் வாயும் ஒரே வேகத்தில் ஓடுவது அவளுக்கு மட்டும்தான்.

"தட்டிப் பாத்துத்தான் அத்த கட்டிக்கிட்டேன். விரிசல் ஒண்ணும் இல்ல."

"விரிசல் இல்லாத மண்டையா இருந்தா உன்னயக் கட்டியிருப்பானா?"

சிரிப்பு வாய்க்காலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தது. கயல்விழியும் சிரித்தாள். பாஞ்சாலை மட்டும் சிரிக்கவில்லை. கயல்விழியைப் பகடி செய்வாள், அவளோடு சேர்ந்து சிரிக்க மாட்டாள். மூன்று வருஷமாக அப்படித்தான்.

இந்தத் தட்டல் விருத்தாசலத்தில் பிறந்தது. அங்கே செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பீங்கான் கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள் கயல்விழி. ஃபியூஸ் கட்டைகள் செய்கிற இடம். அச்சிலிருந்து எடுத்த கட்டையின் பிசிறைச் சுரண்டுவது காலை வேலை. சூளையிலிருந்து வந்த கட்டையைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிப்பது மாலை வேலை. நல்ல கட்டை கண்ணாடி வளையல் மாதிரிக் கிணுகிணுக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடிய கட்டை, தொண்டை கட்டிய ஆள் மாதிரிக் கரகரக்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் கட்டைகளைத் தட்டியவளுக்கு விரல் சும்மா இருக்குமா? கம்பெனியை விட்டு வந்த பிறகும் தண்ணீர்க் குடத்தைத் தட்டுகிறாள், பூசணிக்காயைத் தட்டுகிறாள், கம்மாபுரம் பஸ்ஸில் ஏறுவதற்கு முன் அதன் தகரத்தை ஒரு தட்டுத் தட்டுகிறாள். மகன் பரீட்சை எழுதிவிட்டு வந்தால் அவன் நெற்றிக்கும் ஒன்று உண்டு.

தட்டலுக்கு ஒரு சட்டமும் அங்கேதான் படித்தாள். பச்சைக் கட்டையைத் தட்டக் கூடாது. சூளைக்குப் போகாத களிமண் பதில் சொல்லாது, உடைந்துதான் போகும். சேர்ந்த முதல் வாரம் ஆர்வக் கோளாறில் ஒரு பலகை நிறையப் பச்சைக் கட்டைகளைத் தட்டித் தட்டி நாசமாக்கினாள். சூளைக்காரப் பையன் ஒருவன் அந்தப் பலகையைத் திரும்பக் கலவையில் கொட்டிவிட்டு, "வேகட்டும், அப்பறமா கேளுங்க" என்றான். அவன் பெயர் மதிவாணன். விரிசல் இல்லாத மண்டை என்று மேலே சொன்னது அவனைத்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாளராக அவளைப் போட்டார்கள். ஊரில் எல்லோரும் அவளைப் 'பொறுப்பு' என்றே கூப்பிடுகிறார்கள். "பொறுப்பு வந்துடுச்சா?" "பொறுப்பு டீ குடிக்கப் போயிருக்குது." காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ என்று போனில் எல்லோரையும் நிறுத்தி வருகை பதிய வேண்டும். எந்தப் போட்டோவிலும் பாஞ்சாலை கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். "கண்ணத் தொறங்க அத்த" என்றால், "தொறந்து வச்சி மட்டும் என்னாத்தக் கண்டேன்" என்பாள்.

கயல்விழியின் ரெக்ஸின் பையில் போன், தண்ணீர் பாட்டில், ஒரு நீள நோட்டு, இருபத்திரண்டு பீங்கான் துண்டுகள். கம்பெனியில் கழித்துப் போட்ட ஃபியூஸ் கட்டைகள் அவை. அன்றைக்கு எது வரை வெட்ட வேண்டும் என்பதற்குச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள் மற்ற ஊர்களில். சுண்ணாம்பு மழையில் கரையும், காற்றில் பறக்கும், நடந்தால் அழியும். வெள்ளைக் கட்டை அப்படியே கிடக்கும். சாயங்காலம் இருபத்திரண்டையும் பொறுக்கிக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள். ஒன்று குறைந்தாலும் திரும்பி நடப்பாள்.

இவ்வளவு கவனமான ஒருத்திதான் பொறுப்புக்கு வந்த முதல் வருஷம் அந்தத் தப்பைச் செய்தாள்.

ஏரிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால் அது. ஒன்றரை கிலோமீட்டர் நீளம். இரண்டு கரையிலும் செடியும் கொடியும் மண்டிக் கிடந்தன. வேலைக்கு முன்னால் ஒரு போட்டோ, வேலை முடிந்து ஒரு போட்டோ அனுப்ப வேண்டும் என்றார்கள். முன்னால் எடுத்த படத்தில் புதர். பின்னால் எடுக்கும் படத்தில் புதர் இருக்கலாமா? கயல்விழி பீங்கான் கம்பெனியில் பிசிறு சுரண்டியவள். கரையையும் அப்படியே சுரண்ட வைத்தாள். நெய்வேலிக் காட்டாமணக்கு, நொச்சி, நாணல், கோரை என்று பேதம் பார்க்காமல் வேரோடு பிடுங்கியாயிற்று. வாய்க்கால் புதுத் தட்டு மாதிரி வழவழவென்று நின்றது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள்.

ஒரே ஓர் இடம் தப்பியது. வாய்க்கால் தெற்கே திரும்புகிற வளைவில் ஒரு நொச்சிப் புதர். அதற்குள் கதண்டுக் குளவிகள் கூடு கட்டியிருந்தன. மனிதர் யாரும் கிட்டப் போகவில்லை. போட்டோவில் அது விழாதபடி கயல்விழி சற்றுத் தள்ளி நின்று எடுத்தாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் கரை உடைந்தது. தண்ணீர் முட்டி மோதித் திரும்புகிற வளைவு உடைந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். வளைவு அசையவில்லை. அதற்கு அப்பால் நூறடி தள்ளி, நேராகப் போகிற இடத்தில், எட்டடி அகலத்துக்குக் கரை வாயைப் பிளந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்தது பாஞ்சாலையின் அரைக் காணிக் கொல்லை. கதிர் பிடித்து நின்ற கம்பின் மேல் முழங்கால் உயரத்துக்கு வண்டல் படிந்தது.

பாஞ்சாலை அன்றைக்குக் கத்தவில்லை, அழவில்லை. சேற்றில் நின்றுகொண்டு, "நீ சுத்தம் பண்ணதுல என் கொல்ல சுத்தமாப் போச்சுடி, கயலு" என்றாள். பிறகு கருவேல முள்ளை வெட்டி வந்து கொல்லையின் வாசலில் போட்டாள். "இந்த முள்ளத் தாண்டி உன் காலு உள்ள வரக் கூடாது." உடைந்த கரையை மண் மூட்டை போட்டு அடைத்தார்கள். அது ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது.

அந்த முள்ளைத் தாண்டாமல் இந்தக் கரையை எப்படிச் சரி செய்வது என்பதுதான் கயல்விழிக்குக் கிடைத்த கணக்கு.

வளைவு ஏன் உடையவில்லை என்று பார்க்கத் தொடங்கினாள். அந்த மழையோடு கதண்டுகளும் கூட்டை விட்டுப் போயிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் வாய்க்காலின் தலைப்பிலிருந்து ஏரி வரை நடந்தாள். பக்கத்து ஊர் வாய்க்கால்களிலும் நடந்தாள். திட்டக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், சாப்பாட்டுப் பந்தியை விட்டுவிட்டு ஓடைக்கரையில் நின்றதாகச் சொந்தக்காரர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எங்கெல்லாம் கரை பிடித்து நிற்கிறதோ அங்கெல்லாம் நொச்சி நின்றது. ஆனால் எங்கேயும் நொச்சி தனியாக நிற்கவில்லை. நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள். எழுதியதைவிட அவள் சொல்வதைக் கேட்பது இன்னும் நன்றாக இருக்கும்.

"நொச்சி ஒரு தெருவுல குடியிருக்குதுங்க. கீழ, தண்ணியில கால வச்சிக்கிட்டு சம்பும் கோரையும் நிக்கும். அதுங்க மொத வரிச வூடு. வெள்ளம் வந்தா மொத அடி அதுங்களுக்குத்தான். அதுக்கு மேல ஈரத்துல வல்லார, பொன்னாங்கண்ணி, நீர்முள்ளி. அதுக்கும் மேல பொடுதல பாய் விரிச்சாப்பல கெடக்கும். அந்தப் பாய் மேலதான் நொச்சி ஏறி ஒக்காரும். மழைக்காலத்துல பாதம் நனையணும், கோடையில காயணும். எந்நேரமும் தண்ணியில நிக்கச் சொன்னா செத்துடும். மேட்டுல நிக்கச் சொன்னா சொணங்கிடும். அதுக்குத் தொணைக்கு நாணல். தலைமாட்டுல ஒரு புங்க மரம் இருந்தா ராசா வூடு."

கல்லூரியில் மூன்று வருஷம் தாவரவியல் படித்தால் இதற்குத் தாவரக் குழுமம் என்று ஒரு பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்தவர்களில் எத்தனை பேர் வாய்க்காலில் இறங்கி, எது முதல் வரிசை வீடு என்று பார்த்திருப்பார்கள்?

காட்டாமணக்கைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். "அதுக்குத் தெருவே கெடயாதுங்க. தான் மட்டும் இருக்கணும். அண்ட வூடு, எதிர் வூடு எல்லாத்தயும் காலி பண்ணிடும். வெட்டிக் கரையில போட்டா போட்ட எடத்துலயே மொளைக்கும். நாங்க அதான பண்ணோம்? நொச்சிய வெட்டிட்டு அதுக்கு எடம் புடிச்சிக் குடுத்தோம்."

நொச்சிக்கு விதை வேண்டாம். விரல் பருமனில் ஒரு கிளையை முழ நீளத்துக்கு வெட்டி ஊன்றினால் வேர் விடும். போத்து என்பார்கள். உடைந்த இடத்தில் போத்து நட்டுவிட்டால் போதும் என்று முதலில் நினைத்தாள். நடுவதற்கு வாகான இடம் கரையின் மேல்; அங்கே பாஞ்சாலையின் கொல்லை வழியாகத்தான் ஏற முடியும். மேலே நின்று குனிந்தால் கரையின் நடுச்சரிவு கைக்கு எட்டும். அங்கேதான் முள் கிடக்கிறதே. ஆகவே அந்த மார்கழியில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு வாய்க்கால் பக்கமிருந்து நட்டாள். கை எட்டிய உயரம் குறைவு. பதினாறு போத்தும் தண்ணீரில் ஊறி அழுகின. அடுத்த ஆடியில் வாய்க்கால் காய்ந்திருந்தபோது உள்ளே இறங்கி, காய்ந்த சரிவில் ஏறி நின்று நடுச்சரிவிலேயே நட்டாள். அண்டை அயல் இல்லாத மொட்டை மண் வெயிலில் வெடித்தது. வெடிப்போடு போத்தும் சரிந்தது.

பிறகுதான் தெருவின் ஞாபகம் வந்தது. நொச்சியைக் கொஞ்ச நாள் மறந்தாள். வளைவிலிருந்து கோரைக் கிழங்கும் பொடுதலைக் கொடியும் மண்ணோடு பெயர்த்துக் கூடையில் கொண்டுவந்து, உடைந்த கரையின் அடியில் பதித்தாள். அவற்றுக்கு வழிகாட்ட வேண்டியதில்லை, தாமாக மேலேறும். ஏறின. இந்த வருஷம் ஆனி மாதத்தில் நடுச்சரிவு வரை பச்சைப் பாய் விரிந்திருந்தது. அவள் கணுவால் தட்டிப் பார்த்தாள். மண் கட்டிப் பிடித்திருந்தது.

இனி போத்து மட்டும்தான் வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வரும் நேரத்தில், மேலிருந்து நட வேண்டும். போத்துக்கு வளைவுப் புதர் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தாள்.

ஆவணியில் ஓவர்சியர் சாய்ராம் வந்தார். விருத்தாசலம் கோயில் பக்கத்து வீதிக்காரர், முப்பது வயது, வெயிலுக்கு ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவார். வளைவில் தண்ணீர் தாராளமாகத் திரும்ப வேண்டும், வெளிக்கரைச் சரிவில் இரண்டடி மண் எடுக்க வேண்டும் என்று வரைபடம் காட்டினார். அந்தச் சரிவில்தான் நொச்சி நின்றது.

"அந்தப் புதரையும் எடுத்துடுங்க, கயல்விழி. போட்டோல கரை சுத்தமா தெரியணும்."

"சார், அந்த வளைவ அதுதான் புடிச்சிக்கிட்டு இருக்குது."

"செடிங்கம்மா. வெட்டினா மறுபடி வரப்போகுது."

"இது போனா வராதுங்க சார். காட்டாமணக்குதான் வரும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை அளக்க வரேன். முடிச்சு வைங்க."

நான்கு நாள் இருந்தது. அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "சொன்னத செஞ்சிட்டுப் போவியா" என்றான் மதிவாணன். "சொன்னதச் செஞ்சிதான மொத வருசம் கரைய ஒடச்சேன்" என்றாள் அவள்.

மறுநாள் காலை பீங்கான் கட்டைகளை வைக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. மண் எடுக்கும் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுகிற பரப்பில் ஓர் இடத்தில் மண்ணைத் தொடாமல் திட்டாக அப்படியே விடுவார்கள். பழைய மட்டம் எது, எவ்வளவு வெட்டினார்கள் என்பதை அளக்க வருகிறவருக்கு அந்தத் திட்டுதான் காட்டும். அதற்குச் சாட்சி என்று பெயர். அளந்து முடியும் வரை சாட்சியின் மேல் யாரும் மண்வெட்டி வைக்க முடியாது. எந்த இடத்தைச் சாட்சியாக விடுவது என்பது பொறுப்பாளர் தீர்மானிப்பது.

கயல்விழி நொச்சிப் புதரைச் சுற்றி ஏழு வெள்ளைக் கட்டைகளை வைத்தாள். "இது சாட்சி. இத விட்டுட்டு வெட்டுங்க."

பெண்கள் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். சாட்சி என்றால் வழக்கமாக ஒரு முழம் அகலம் இருக்கும். இது இரண்டு பேர் கைகோத்தாலும் அடங்காது.

"சாட்சின்னா ஒரு ஆளு நிக்கும்" என்றாள் பாஞ்சாலை. "நீ என்னாடி கல்யாண சத்திரத்தயே நிறுத்தி வச்சிருக்க?"

"இருக்கட்டும் அத்த."

"இதுக்குள்ள இருக்கிற மண்ண எவ வெட்டுறது? அளவு கொறயாதா?"

குறையும். விட்ட மண்ணை வேறெங்காவது வெட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். கயல்விழி அதை மறைக்கவில்லை. "கொறயுங்க. மேக்கால பக்கம் ஆளுக்கு ஒரு சாண் கூட வெட்டுனா சரியாப் போவும். நானும் வெட்டுறேன்." பொறுப்பாளர் மண்வெட்டி பிடிக்க வேண்டியதில்லை. அவள் பையைப் புங்கன் கிளையில் மாட்டிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

மற்றவர்கள் கரை மேலேயே நின்றார்கள். "புதருல கண்ணாடி விரியன் இருக்குதாம்" என்றாள் ஒருத்தி. "இருந்தா அதுவும் சாட்சிதான்" என்றாள் இன்னொருத்தி. முதலில் இறங்கியது பாஞ்சாலை. "பீங்கான் கையி. மண்வெட்டியப் புடிக்கத் தெரியுதா பாரு" என்று முணுமுணுத்தபடி கயல்விழிக்குப் பக்கத்திலேயே நின்று வெட்டினாள். மூன்று நாளும் அதே இடம். கயல்விழி ஒரு கூடை நிரப்புவதற்குள் அவள் இரண்டு நிரப்பினாள்.

வெள்ளிக்கிழமை சாய்ராம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். நல்ல ஜலதோஷம். டேப்பைப் பிடித்து அளந்தார், தும்மினார், எழுதினார், தும்மினார். வளைவுக்கு வந்ததும் நின்றுவிட்டார். சுற்றிலும் மண் வெட்டிய பள்ளம். நடுவில் பச்சைக் குடை மாதிரி நொச்சி, நுனியெல்லாம் ஊதாப் பூ. அடியில் பாய் விரித்த பொடுதலை. அதைச் சுற்றி ஏழு ஃபியூஸ் கட்டைகள்.

"என்னம்மா இது?"

"சாட்சிங்க சார்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். பாஞ்சாலை இடையில் புகுந்து, கொழுந்தாக ஒரு கை நொச்சித் தழையை ஒடித்து அவரிடம் நீட்டினாள். "தண்ணியில கொதிக்க வச்சி, மஞ்சத்தூளு ஒரு சிட்டிக போட்டு ஆவி புடிங்க சார். காலையில மூக்கு தொறந்துக்கும்."

சாய்ராம் மறுக்காமல் வாங்கினார். முகர்ந்தார். கண்ணில் நீர் வரத் தும்மினார். தழையைப் பத்திரமாக வண்டியின் பெட்டியில் வைத்து மூடினார். பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். காரியம் முடிந்தது என்று நினைத்தார்கள்.

சாட்சியின் மேல் முனையில் டேப்பை வைத்து, வெட்டிய ஆழத்தையும் அகலத்தையும் அளந்தார் அவர். அளவு குறையவில்லை, நாலு விரற்கடை கூடவே இருந்தது. புத்தகத்தை மூடிக்கொண்டு சொன்னார்: "சரி, அளந்தாச்சு. நாளைக்கு இதை எடுத்துடுங்க."

கயல்விழியின் விரல் தானாக மடங்கியது. தட்டிப் பார்க்கப் பக்கத்தில் ஒன்றும் இல்லாததால் தன் நோட்டின் அட்டையைத் தட்டினாள்.

"எடுத்துடறேங்க சார். மேல இருந்து மறு ஆய்வுக்கு வந்தா எதக் காட்டுறதுன்னு மட்டும் சொல்லிடுங்க. அளவு கூட இருக்குது. எப்படிக் கூட வந்துச்சின்னு கேப்பாங்க. சாட்சி எங்கன்னு கேப்பாங்க."

சாய்ராம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். போன வருஷம் வேறொரு ஊரில் ஆய்வுக்கு வந்தபோது சாட்சித் திட்டு கரைந்து போயிருந்ததும், விளக்கம் எழுதி எழுதி அவர் கை வலித்ததும் அவருக்குத் தெரியும். கயல்விழிக்கும் தெரியும். அது அவர் வாயாலேயே ஒரு மதிய வேளையில் டீக்கு நடுவே சொன்ன கதை.

புதரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அளவுப் புத்தகத்தை மறுபடி திறந்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "மறு ஆய்வு முடியும் வரை சாட்சித் திட்டை அகற்றக் கூடாது." கையெழுத்துப் போட்டார்.

"மறு ஆய்வு எப்பங்க சார் வருவாங்க?" என்று கேட்டாள் பாஞ்சாலை.

"வரும்போது வருவாங்கம்மா."

நாற்பது பெண்களும் ஒன்றும் புரியாதவர்கள் மாதிரி வானத்தைப் பார்த்தார்கள். சாய்ராம் வண்டியைக் கிளப்பியவர், ஒரு காலை ஊன்றிக்கொண்டு திரும்பினார். "கயல்விழி, சாட்சிக்குத் தண்ணி ஊத்தி வளக்காதீங்க."

அவர் போன தூசி அடங்கும் வரை பொறுத்திருந்து பிறகுதான் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பாஞ்சாலையின் குரலும் இருந்ததா என்று கயல்விழி காதைச் சாய்த்துக் கேட்டாள். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

புரட்டாசி இரண்டாம் வாரம் மழை வந்தது. வாய்க்காலில் கணுக்கால் அளவுக்குப் புதுத் தண்ணீர் ஓடியது. சாட்சியிலிருந்து பன்னிரண்டு போத்து வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கயல்விழி தனியாகப் போனாள். ஈரச் சரிவில் கால் வழுக்கியது, தண்ணீரில் நின்று எவ்வளவு எட்டினாலும் நடுச்சரிவுக்குக் கை போகவில்லை. இன்னும் இரண்டு நாள் தாமதித்தால் போத்து உலரும். வாய்க்காலை விட்டு ஏறி, பாஞ்சாலையின் கொல்லை வாசலுக்கு வந்து நின்றாள்.

முள் இல்லை. இழுத்துப் போட்ட தடம் மட்டும் ஈர மண்ணில் கிடந்தது. கொல்லைக்குள் பாஞ்சாலை வேர்க்கடலைக்குக் களை கொத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அத்த."

"முள்ளு அடுப்புக்கு வேணுமா இருந்துச்சி" என்றாள் பாஞ்சாலை, களைக்கொத்திடம் சொல்கிற மாதிரி. "வரதுன்னா வரப்பு மேல வா. கடலையை மிதிச்ச, கால ஒடைப்பேன்."

கயல்விழி வரப்பின் மேல் நடந்து போய்க் கரையில் மண்டியிட்டாள். பொடுதலைப் பாயை விரலால் விலக்கி, கடப்பாரையால் குழி போட்டு, ஒவ்வொரு போத்தாகச் சாய்த்து ஊன்றினாள். ஏழாவது போத்துக்கு வரும்போது மேலே நிழல் விழுந்தது. பாஞ்சாலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மிச்சப் போத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். தலைகீழாக ஒன்றைக் கொடுத்துவிட்டு, தானே பிடுங்கித் திருப்பிக் கொடுத்தாள்.

பன்னிரண்டும் முடிந்தது. கயல்விழி கடைசிப் போத்தைச் சுற்றி மண்ணை உள்ளங்கையால் அமுக்கினாள். வழக்கம் போல நடுவிரல் மடங்கியது. கரையை நோக்கிக் கணு போனது. பாதி வழியில் நின்றது.

"என்னாடி, தட்டிப் பாக்கலியா?"

"பச்சயா இருக்குது அத்த" என்றாள் கயல்விழி. மடக்கிய விரலை நீட்டி, அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.